பதிவேடு இல்லாத பள்ளிகளும் பதிவேட்டுக்காக நடந்த பள்ளிகளும்

19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வங்காளத்துக் கிராமங்களில் இயங்கிய பாட்சாலாக்கள் முதன்மையாகக் கற்றுக்கொடுத்தது கணக்கெழுத்து. நிலத்தை அளந்து பரப்பைச் சொல்லுதல், வட்டி கூட்டுதல், கடன்முறி எழுதுதல், ஜமீன் கச்சேரிக்கு விண்ணப்பம் வரைதல் ஆகியவற்றைப் பயின்று வெளிவந்த பிள்ளைகளே பின்னாளில் ஜமீன் குமஸ்தாக்களாகவும் கடைக் கணக்கர்களாகவும் அமர்ந்தனர். ஊரின் ஏடுகளை எழுதும் கைகளை உருவாக்கிய அந்தப் பள்ளிக்கெனத் தனியே ஓர் ஏடு இருக்கவில்லை. வருகைப்பதிவேடு இல்லை, கால அட்டவணை இல்லை, ஆண்டுத்தேர்வு இல்லை, அச்சிட்ட பாடநூலும் இல்லை. தம்மிடம் யார் யார் பயில்கின்றனர், யார் எந்தப் படியில் நிற்கின்றனர், யார் வீட்டிலிருந்து இன்னும் அரிசி வரவில்லை என்பதெல்லாம் குருமகாசயரின் நினைவிலேயே இருந்தன.

அடுத்த அரை நூற்றாண்டில் அந்த ஏடு வந்து சேர்ந்தது. அரசு பாட்சாலாவை விலைக்கு வாங்கவில்லை, மூடவும் இல்லை. மாதம் சில ரூபாய் மானியம் தர முன்வந்து, அதற்கு ஈடாகச் சில தாள்களை நிரப்பச் சொன்னது. ஒரு பள்ளி என்ன கற்பிக்க வேண்டும் என்பதை அந்தத் தாள்கள் எவ்வாறு தீர்மானிக்கத் தொடங்கின என்பதே இந்திய ஆரம்பக்கல்வி வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி.

பாட்சாலாவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி வில்லியம் ஆடம் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் எழுதிவைத்தது. பாப்டிஸ்ட் மிஷனரியாக வங்காளம் வந்து, ராம்மோகன் ராயுடன் விவாதித்து, முடிவில் தாமே யூனிடேரியனாக மாறிப்போனவர் அவர். 1835-இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அவரை நாட்டுக் கல்வியின் நிலையை ஆராய நியமித்தார். 1835, 1836, 1838 ஆகிய ஆண்டுகளில் மூன்று அறிக்கைகளை ஆடம் அளித்தார். முதல் அறிக்கை பெரும்பாலும் பிறர் எழுதியவற்றைத் தொகுத்தது. அடுத்த இரண்டும் களத்தில் எடுத்த கணக்கு.

அவர் வரைந்துகாட்டும் பாடத்திட்டம் எழுதும் பொருளை அடியொற்றி நான்கு படிகளாக நகர்கிறது. முதற்படியில் பிள்ளை தரையில் எழுத்தின் வடிவைக் கீறிப் பழகும். சில நாள்களில் அது முடிந்துவிடும். அடுத்தது பனையோலை. நாணற்பேனாவும் கரிமையும் கொண்டு எழுத்தையும் கூட்டெழுத்தையும் பழகும் பிள்ளை, சோழி வாய்பாடு, பெருக்கல் வாய்பாடு, நில அளவை, எடை வாய்பாடுகளை உரக்கச் சொல்லி மனத்தில் இருத்தும். இது இரண்டரை முதல் நான்கு ஆண்டுகள் வரை நீளலாம். மூன்றாம் படியில் வாழையிலை. உழவுக்கணக்கும் வணிகக்கணக்கும் கடிதம் எழுதுதலும் அங்கே வரும். கடைசிப் படியில்தான் காகிதம் கைக்கு வரும். கட்டணமும் படிக்குப் படி உயரும். காசாகத் தர இயலாதவர்கள் அரிசியாகவும் காய்கறியாகவும் துணியாகவும் தந்தனர். கணக்கு விதிகளைச் செய்யுளாக்கித் தந்த சுபங்கரர் என்பவரின் பெயரே அந்தக் கணிதத்துக்கு நிலைத்துவிட்டது. நம் திண்ணைப் பள்ளியின் எண்சுவடியை அறிந்தவர்களுக்கு இதில் எதுவும் அந்நியமாகத் தோன்றாது.

இந்தப் பாடத்திட்டத்தில் வகுப்பு என்ற ஒன்றே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒருவன் பனையோலையில் இரண்டரை ஆண்டு இருப்பான், இன்னொருவன் நான்காண்டு இருப்பான். அறுவடைக்கு வயலுக்குப் போன பிள்ளை திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்வான். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பர். வராத நாள் என்பது இழந்த பாடம் ஆகாத அமைப்பு அது. ஆகவே வராத நாளைக் குறித்துவைக்க வேண்டிய தேவையும் அதற்கு எழவில்லை.

ஆடமின் இரண்டாம் அறிக்கை ராஜ்ஷாஹி மாவட்டத்தின் நாட்டோர் தானா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக எண்ணியது. 485 கிராமங்கள் கொண்ட அந்தத் தானாவில் அவர் கண்ட தொடக்கநிலைப் பள்ளிகள் 27; அவற்றில் பயின்றவர்கள் 262 பேர். இத்துடன் நின்றிருந்தால் அது ஓர் இருண்ட சித்திரமாக இருந்திருக்கும். ஆடம் வீடுகளையும் விசாரித்தார். 1,588 குடும்பங்களில் 2,382 பிள்ளைகள் வீட்டிலேயே எழுத்தும் கணக்கும் பயின்றுகொண்டிருந்தனர். பள்ளியில் இருந்தவர்களைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு! பள்ளி என்ற தலைப்பின்கீழ் மட்டும் எண்ணும் எந்தக் கணக்கிலும் இந்தப் பிள்ளைகள் அகப்பட்டிருக்கமாட்டார்கள். எண்ணுகிறவன் எந்தக் கட்டத்தை வரைந்துகொண்டு போகிறான் என்பதைப் பொறுத்தே ஒரு நாட்டின் கல்வி கூடவோ குறையவோ செய்கிறது.

அதே ஏடுகள் பாட்சாலாவின் மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. பெண்குழந்தைகள் அங்கே இல்லை. எழுதப்படிக்கக் கற்ற பெண் விதவையாவாள் என்ற அச்சம் பரவியிருந்ததை ஆடம் பதிவு செய்கிறார். சாதிவாரியாக அவர் எடுத்த கணக்கு சற்றே வியப்பளிப்பது: பர்த்வான் மாவட்டத்தின் 600-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஆசிரியர்களுள் பெரும்பான்மையர் காயஸ்தர், பிராமணர் அவர்களுக்குப் பின்னரே. தாழ்ந்தவை எனக் கருதப்பட்ட சாதிகளைச் சேர்ந்த சில ஆசிரியர்களும் பட்டியலில் உள்ளனர். டோம், சண்டாளர் பிள்ளைகளும் உள்ளனர். எண்ணிக்கை சிறிது, ஆனால் பூச்சியம் என்றே எல்லோரும் எண்ணியிருந்த இடத்தில் அது இருந்தது. தண்டனைகள் கொடியவை என்பதைப் பிற்கால எழுத்துகளும் உறுதிசெய்கின்றன. லால் பிகாரி தே 1874-இல் வெளியிட்ட 'கோவிந்த சாமந்தா' நாவலின் பள்ளிக்கூடத்தைப் படித்தவர் எவரும் பாட்சாலாவைப் பொற்காலமாகக் கொண்டாடத் தயங்குவர்.

ஆடமின் பரிந்துரை எளிது. இருக்கும் பள்ளிகளை அடித்தளமாகக் கொள்க, தாய்மொழியில் படிப்படியான நூல்களை ஆக்கித் தருக, ஆசிரியர்களைத் தேர்வுக்கு அழைத்துத் தேறியோருக்குப் பரிசளிக்க, நிலமானியம் தருக. ஆங்கிலக் கல்வியில் கண்வைத்திருந்த பொதுக்கல்விக் குழு இதை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று தள்ளியது. 1839-இல் ஆக்லண்டும் அதை ஏற்கவில்லை. ஆடம் அதற்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டார். அறிக்கைகள் முப்பது ஆண்டு உறங்கின. 1868-இல்தான் பாதிரியார் ஜேம்ஸ் லாங் அவற்றைத் தொகுத்து மறுபடி அச்சேற்றினார்.

இதற்கிடையில் 1854-இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. தனியார் பள்ளிகளுக்கு மானியம் என்ற கொள்கை அங்கிருந்து தொடங்குகிறது. நிபந்தனைகள் நான்கு: நல்ல மதச்சார்பற்ற கல்வி, பொறுப்புள்ள உள்ளூர் நிர்வாகம், அரசு அதிகாரியின் ஆய்வுக்கு உடன்படுதல், எவ்வளவு சிறிதாயினும் ஒரு கட்டணம். படிக்கும்போது எதுவும் கடுமையாகத் தோன்றாது. ஆனால் சண்டி மண்டபத்தின் திண்ணையில் பள்ளி நடத்தும் குருமகாசயரிடம் இவற்றை நீட்டினால் என்ன ஆகும்? நிர்வாகம் என்றால் அவரே; கட்டணம் என்றால் இந்த வாரம் அரிசி, அடுத்த வாரம் பூசணிக்காய். அவரை நிபந்தனைக்குள் கொண்டுவரப் பலவகை முறைகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஹென்றி உட்ரோ வகுத்த வட்டமுறை. நான்கைந்து பாட்சாலாக்களை ஒரு வட்டமாக்கி, ஓர் அரசுப் பண்டிதர் முறைவைத்துச் சுற்றிவருவார். குரு காலமுறைப்படி அறிக்கை தரவேண்டும், அட்டவணைப்படி பாடம் நடத்தவேண்டும், நூலிலிருந்து கற்பிக்கவேண்டும், பிள்ளைகள் ஒழுங்காக வந்து, குறித்த இடத்தில் அமர்ந்து, ஆண்டு முடிவில் தேர்வு எழுதவேண்டும்.

இவற்றை ஏற்றவர்களுக்கு மானியம் கிடைத்தது. மறுத்தவர்களை எவரும் தண்டிக்கவில்லை. பக்கத்து ஊரில் மானியம் பெறும் பள்ளி ஒன்று எழும். அதனோடு போட்டியிட முடியாமல் இவர்கள் தாமே ஒதுங்கினர். கட்டாயம் என்ற சொல் எங்கும் எழுதப்படாமல் கட்டாயம் நிகழ்ந்த விதம் இது.

முதல் அடி விழுந்தது அறுவடைக் காலத்தில். ஆண்டு முழுதும் ஒழுங்கான வருகை என்ற விதி, நெல் அறுக்கும் வாரங்களில் பிள்ளையின் கையை நம்பியிருந்த குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. முன்பு அது விடுப்புமல்ல, குற்றமுமல்ல. இப்போது அது பதிவேட்டில் ஒரு வெற்றிடம். தொடர்ந்தால் பெயர் நீக்கம். ஏழை உழவரின் பிள்ளை படிப்பில் அக்கறையற்றவன் என்ற முடிவுக்கு அதிகாரிகள் வருவதற்கு அந்த வெற்றிடங்களே சான்றாயின.

இரண்டாவது மாற்றம் பாடத்தில். மதன்மோகன் தர்காலங்காரின் 'சிசு சிக்ஷா' 1849-இலும், ஈசுவரசந்திர வித்யாசாகரின் 'வர்ணபரிசயம்' 1855-இலும் வெளிவந்தன. இரண்டும் தம்மளவில் சிறந்த நூல்கள். வங்காளி உரைநடைக்கு ஒழுங்கு தந்தவை. ஆனால் பாட்சாலாவுக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் எதிர்பார்த்தது வேறு. ஜமீன் ரசீதில் எழுதியிருப்பது சரியா என்று பார்க்கவும், வட்டிக்காரன் கூட்டியதைத் தானும் கூட்டிப்பார்க்கவும் தெரிந்த பிள்ளையே அவர்களுக்குத் தேவைப்பட்டான். ஆய்வாளர் வரும் நாளில் அச்சுநூலும் மற்ற நாள்களில் சுபங்கரரின் கணக்கும் என்று குரு இரண்டையும் சுமக்க நேர்ந்தது. நிலக்கணக்கை மனத்தாலேயே போடத் தெரிந்தவர் ஆவணத்தில் 'பயிற்சி பெறாத ஆசிரியர்' ஆனார்.

வங்காளத்தின் துணை ஆளுநர் ஜார்ஜ் கேம்ப்பெல் இந்த முரணை ஓரளவு உணர்ந்தவர். 1872 செப்டம்பர் 30-ஆம் நாள் அவர் வெளியிட்ட தீர்மானம் ஆரம்பப்பள்ளிகளுக்கென 4 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. சமஸ்கிருதம் தோய்ந்த நூல்மொழி வேண்டாம், ஊர்மொழியில் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் போதும் என்பது அவர் கருத்து. நோக்கம் பாட்சாலாவைப் பாட்சாலாவாகவே விடுவது. ஆனால் பொதுப்பணம் போகும் இடத்துக்குக் கணக்கு வேண்டுமே! மேதினிப்பூரில் உருவான முறை அதற்கு விடை தந்தது. பல பாட்சாலாக்களின் பிள்ளைகளை ஒரு மையத்தில் கூட்டித் தேர்வு வைத்து, தேறியவர்களின் எண்ணிக்கைக்கேற்ப குருவுக்குப் பணம் தரும் முறை அது. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862-இல் நடைமுறைப்படுத்திய, தேர்ச்சிக்கேற்ற மானியத்தின் உறவினர் இது. அதைத் தாமே பள்ளி ஆய்வாளராயிருந்து எதிர்த்தவர் மேத்யூ ஆர்னால்டு. கவிஞர் என்பதால் அவர் சொன்னதை அதிகாரிகள் கவிஞரின் பேச்சாகவே கொண்டனர் போலும்.

பத்தாண்டுக்குள் வங்காளத்தில் துறையின் பட்டியலில் இருந்த ஆரம்பப்பள்ளிகள் சில ஆயிரங்களிலிருந்து நாற்பதாயிரத்துக்கு மேலாகப் பெருகின. இவற்றுள் எத்தனை புதியவை, எத்தனை ஏற்கெனவே இருந்து இப்போது பெயர் ஏறியவை என்று கேட்டால், பெரும்பகுதி பின்னதே. நாட்டோரில் ஆடம் வீடு வீடாகச் சென்று தேடியதை இப்போது மானியமே தேடித் தந்தது. ஆயினும் இரண்டு ஏடுகளும் ஒரே இனத்தவை அல்ல. ஆடமுக்குப் பதில் சொன்ன குருவுக்கு அதனால் ஆவதும் போவதும் எதுவுமில்லை. அவர் உள்ளதைச் சொல்ல முடிந்தது. மேதினிப்பூர்த் தேர்வுக்குப் பிள்ளைகளை அழைத்துச்சென்ற குருவின் அடுப்பு அந்தப் பட்டியலைப் பொறுத்து எரிந்தது. தேர்வில் வரும் பாடம் பாடமாயிற்று. வராதது மெல்ல உதிர்ந்தது.

1882-இல் அமைந்த ஹண்டர் கல்வி ஆணையம் இவற்றையெல்லாம் கேட்டறிந்தது. அதன் பரிந்துரைகளுள் சில இன்றும் வியக்கவைக்கின்றன. மதச்சார்பற்ற கல்விக்குச் சிறிதளவேனும் பயன்படும் எந்த நாட்டுப் பள்ளியும் அங்கீகாரத்துக்கு உரியது என்றது. நாட்டுக் கணித முறைகளையும் கணக்கெழுத்தையும் நில அளவையையும் தேர்வுத்திட்டத்தில் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னது. ஆய்வும் தேர்வும் இயன்றவரை பள்ளி இருக்கும் இடத்திலேயே நடக்கட்டும் என்றது. உழவர் ஊர்களில் நாளின் நேரத்திலும் ஆண்டின் பருவத்திலும் இயன்ற அளவு நெகிழ்ச்சி தரச் சொன்னது. அதே ஆணையம் நாட்டுப் பள்ளிகளுக்குத் தேர்ச்சிக்கேற்ற மானியமே ஏற்றது என்றும் முடிவு செய்தது. நெகிழ்ச்சி பரிந்துரையாக நின்றது, மானியம் விதியாக நடந்தது. அந்த விதியைக் கைவிட 1904-ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆணையத்துக்கு 1882 அக்டோபர் 19-ஆம் நாள் பூனாவிலிருந்து ஜோதிராவ் புலே அளித்த விண்ணப்பத்தைச் சேர்த்துப் படிக்காமல் இந்த வரலாற்றை முடித்தல் நேர்மையாகாது. பழைய உள்ளூர்ப் பள்ளிமீது புலேவுக்கு எந்த ஏக்கமும் இல்லை. மகார், மாங்கு பிள்ளைகள் சாதி வெறுப்பால் மற்றவர்களோடு உட்கார முடியாமல் விலக்கப்படுவதை அவர் ஆணையத்தின் முன் வைத்தார். குறைந்தது 12 வயது வரை கட்டாயக் கல்வி, உழவர் குடியிலிருந்து வரும் பயிற்சி பெற்ற ஆசிரியர், மோடி எழுத்தும் பாலபோதமும் கணக்கும் உழவுத்தொழிலின் அடிப்படையும் உடல்நலமும் கலந்த பாடத்திட்டம் ஆகியவற்றைக் கேட்டார். தகுதியுள்ள ஆசிரியரிடம் ஊர்க்கணக்கு எழுதும் பொறுப்பையும் தரலாம் என்றார். அந்தப் பொறுப்பு அப்போது குல்கர்ணிகளின் கையில் இருந்ததை நினைத்தால் இந்தக் கோரிக்கையின் கூர்மை விளங்கும். பள்ளியின் கதவு ஊராரின் விருப்பத்தில் மட்டும் இருக்கும்வரை அது எல்லோருக்கும் திறவாது என்பதை அறிந்தவர் அவர். அவருக்கு அரசின் விதி தேவைப்பட்டது. விதியை எழுதுவோர் யார் என்பதே அவர் கேள்வி.

ஏடில்லாப் பள்ளிக்கு இன்னொரு தீங்கும் நேர்ந்தது. 1931 அக்டோபர் 20-ஆம் நாள் லண்டன் சாத்தம் ஹவுசில் பேசிய காந்தி, 50 அல்லது 100 ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இந்தியா இன்று எழுத்தறிவில் தாழ்ந்திருக்கிறது என்றார். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராயிருந்த பிலிப் ஹார்டாக் உடனே சான்று கேட்டார். கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. ஹார்டாக் 1939-இல் ஒரு நூலே வெளியிட்டு, ஆடமின் முதல் அறிக்கையில் வரும் ஒரு லட்சம் பள்ளிகள் என்ற மதிப்பீட்டைக் கதையென்று ஒதுக்கினார். 1983-இல் தரம்பால் மறுபக்கத்திலிருந்து ஆவணங்களை அடுக்கினார். 1822-இல் தாமஸ் மன்றோ கேட்டு வாங்கிய சென்னை மாகாணக் கணக்கு, அதாவது 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும், அவர் நூலின் முதுகெலும்பு. இருதரப்பும் அயலார் எடுத்த கணக்கைக் கொண்டே வாதிட வேண்டியிருந்தது. பள்ளியை நடத்தியவர்கள் எழுதிவைத்த கணக்கு எவர் கையிலும் இல்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்த நெடிய வழக்கின் இப்போதைய கட்டம். மானியம் பெறாத தனியார் பள்ளிக்கும் இப்போது அங்கீகாரம் கட்டாயம். அங்கீகாரமின்றி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை தண்டம். தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 பயிற்று நேரம் என்று சட்டத்தின் அட்டவணை வரையறுக்கிறது. நூலகம், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அனைத்தும் அதில் உண்டு. குறித்த காலத்துக்குள் முழுப் பாடத்திட்டத்தையும் முடிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது 24-ஆம் பிரிவு. யுடைஸ் படிவத்தில் ஏறத்தாழ 15 லட்சம் பள்ளிகள் ஆண்டுதோறும் தம்மை எழுதிக்கொள்கின்றன. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் மதரசாக்களையும் வேத பாடசாலைகளையும் இச்சட்டத்திலிருந்து விலக்கியது; கணக்கெழுத்து கற்பித்த பழைய பாட்சாலாவின் பெயர் இப்படிச் சமயக் கல்விக்கான விலக்கொன்றில் மட்டும் எஞ்சியிருப்பது விந்தை.

குறைகூறுவோர் அட்டவணையின் சுவர்களை எண்ணுகின்றனர். குழந்தை என்ன கற்றது என்பதை அது கேட்கவில்லை என்கின்றனர். அதில் உண்மை உண்டு. ஆனால் புலேயின் கோரிக்கைக்கு ஓரளவேனும் பதில் சொல்லும் பிரிவும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது: தனியார் பள்ளியின் முதல் வகுப்பில் நான்கிலொரு பங்கு இடம் நலிந்த பிரிவினருக்கு. சேர்க்கைப் பதிவேடு இல்லாமல் அந்த இடத்தை எவரும் கேட்டுப் பெற முடியாது.

சட்டத்தின் 9-ஆம் பிரிவு அதிகம் படிக்கப்படாதது. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தையின் பதிவையும் உள்ளாட்சி அமைப்பு வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. பள்ளிக்குள் இருப்போரை எண்ணுவதோடு நில்லாமல் வீடு வீடாகப் போகச் சொல்லும் இந்த வரியில் நாட்டோரில் ஆடம் செய்த வேலையின் சாயல் தெரிகிறது. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் மழைக்காலம் முடிந்ததும் கரும்பு வெட்டும் குடும்பங்கள் மேற்கே புறப்படுகின்றன. பிள்ளைகளும் பலர் உடன் செல்கின்றனர். பாட்டியிடமோ பருவகால விடுதியிலோ விட்டுச்செல்லப்படுவோரும் உண்டு. ஆலைப் பருவம் ஓயும்போது கோடை வந்துவிடும். அதுவரை அந்தப் பிள்ளையின் பெயர் ஊர்ப்பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை சோலாப்பூர்ப் பக்கமோ கோலாப்பூர்ப் பக்கமோ ஏதோ ஒரு கரும்புத்தோட்டத்தின் ஓரத்தில், தம்பியைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.